படத்தில் விழாதவர்கள்

கழுகுமலை வெட்டுவான் கோயிலில் வெயில் மேலிருந்து கீழே இறங்கும். எல்லா இடத்திலும் அப்படித்தானே என்பீர்கள். இங்கே அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சுற்றிலும் ஏறக்குறைய 25 அடி ஆழத்துக்கு மலையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் எஞ்சிய பாறையைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் கோயில் ஒரு பள்ளத்துக்குள் நிற்கிறது. விளிம்பில் போய் உட்கார்ந்தால் விமானத்தின் தலை நம் கண்ணுக்கு நேராக இருக்கும். காலையில் முதல் வெளிச்சம் அந்தத் தலையில் மட்டும் விழும். கீழே இன்னும் நிழல் தேங்கியிருக்கும்.

நான் போனது தை மாதம். சூரியன் தென்கிழக்கில் சாய்வாக ஏறியதால் தெற்குப் பக்கச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. முதலில் சிகரத்தின் வளைவு. பிறகு மூலையில் படுத்திருக்கும் நந்தி. அப்புறம் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி. வீணை வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருக்கிறேன்; மிருதங்கத்தோடு இங்கேதான் பார்த்தேன். அவர் விரல்கள் வரை வெயில் வந்து சேர்வதற்குள் எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. இன்னும் கீழே இறங்கினால் செதுக்கல் குறைந்து, வெறும் உளித்தடமாகி, அதற்கும் கீழே முரட்டுப் பாறை. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை, பாதியில் நின்றுவிட்டது. சிற்பிகள் மேலேயிருந்துதான் தொடங்கினார்கள். அவர்கள் இறங்கி வந்த அதே வரிசையில் வெயிலும் இறங்கி வந்து, அவர்கள் உளியைக் கீழே வைத்த இடத்தையும் தாண்டிப் போனது.

நான் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான். பாறை விளிம்பில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தியிருந்தேன். லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. கீழே பள்ளத்துக்குள் வயதான ஒரு அம்மா காய்ந்த சருகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தால் வெயில் போய்விடும். ஆனால் எனக்கு ஒரு வித்தை தெரியும். அவர் அசைந்துகொண்டே இருக்கிறார், அசைகிறவர்கள் கரைந்துவிடுவார்கள். பொத்தானை அழுத்திவிட்டு 34 நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் விளக்குமாறோடு மேலே ஏறி வந்தார்.

“எய்யா, படம் எடுத்தியளா?”

திரையைக் காட்டினேன். வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

“நான் அங்கனதான பெருக்கிட்டு இருந்தேன். நான் விழலியே?”

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பாறைக்கும் சுவருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், கண்ணாடியில் வாய் ஊதினாற்போல. “இதுதான் ஆச்சி நீங்க” என்றேன்.

“இது பொகையில்லா?” என்றார்.

என் கணினியில் ‘ஆளில்லாதவை’ என்று ஒரு கோப்புறை உண்டு. ஏழெட்டு வருடப் பயணங்களின் சேகரம். தூண்கள், படிக்கட்டுகள், இடிந்த மதில்கள், நீளமான திருச்சுற்றுகள். ஒன்றிலும் ஒரு மனிதர் கிடையாது. பார்த்தவர்கள் “என்ன ஒரு அமைதி!” என்பார்கள். நான் பெருமையாகத் தலையாட்டிக்கொள்வேன். அந்த அமைதியில் பாதிக்கு மேல் என் கைவேலை என்று யாரிடமும் சொன்னதில்லை.

வித்தை எளிது. அந்தக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். சாதாரணமாக நொடியில் 1/30 பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் போதும் என்கிற இடத்தில், 34 நொடி திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுக்க நகராமல் இருப்பது மட்டும் அழுத்தமாகப் பதியும். நடந்து போகிறவர் எந்த ஓர் இடத்திலும் பதிகிற அளவுக்கு நிற்பதில்லை. அவர் பின்னால் இருக்கும் கல்தான் பதிகிறது. கூட்டம் அதிகமென்றால் இன்னொரு வழி: கேமராவை அசைக்காமல் இருபது முப்பது படங்கள் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், எதில் ஆள் இல்லையோ அந்தத் துண்டுகளை மட்டும் அது பொறுக்கிச் சேர்த்துக் கொடுக்கும். திருவிழாக் கூட்டத்தையே காலி செய்துவிடலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால்தான் இந்தச் சுருட்டிய துண்டு. அதுவும் பழகிவிட்டது. சொல்லப்போனால், துண்டை வைக்க ஒரு திட்டு தேடி அலைந்ததில்தான் நல்ல கோணங்கள் பல கிடைத்தன.

தனியாகப் போக ஆரம்பித்ததே கேமராவால்தான். நண்பர்களோடு போன நாட்களில், ஒரு தூணுக்கு முன்னால் நான் இருபது நிமிடம் நின்றால், அவர்களில் ஒருவர் இருபத்தொன்றாவது நிமிடத்தில் “போலாமா?” என்பார். அவர்மேல் தப்பே கிடையாது. வெயிலுக்காகக் காத்திருக்கிறவன் பக்கத்தில் நிற்பதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. ஆகவே யாரையும் வதைக்க வேண்டாம் என்று தனியாகக் கிளம்பினேன். அந்தத் தனிமை பிடித்துப்போனது பிற்பாடு. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால், மத்தியானத்துக்கு மேல் மண்டைக்குள் ஓடுகிற பேச்சும் கொஞ்சம் தணியும். அதற்கப்புறம் காது நன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். கல் மண்டபத்தில் புறாவின் நகம் உரசுகிற சத்தம்கூட.

ஆனால் ஆச்சி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ‘விழலியே’ என்ற சொல்தான் முதலில் உறுத்தியது. படம் எடுக்கிறோம், படம் பிடிக்கிறோம் என்று கேமரா வைத்திருக்கிறவன் சொல்கிறான். எதிரே நிற்கிறவர்கள் ‘நான் விழுந்திருக்கேனா?’ என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியான இயற்பியல். வெளிச்சம் விழுகிறது, நிழல் விழுகிறது, உருவம் விழுகிறது. விழவிடாமல் செய்தது நான்.

இந்த வித்தையை நான் கண்டுபிடிக்கவில்லை. புகைப்படக் கலை பிறந்தபோதே அதன் கூடப் பிறந்தது இது, அன்றைக்கு ஒரு குறையாக. 1838இல் பாரீஸ் நகரத்தின் ஒரு பெரிய வீதியை மாடி ஜன்னலிலிருந்து, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் படம் எடுத்தார். பகல் நேரம். வண்டிகளும் ஆட்களும் போய்க்கொண்டிருந்த சாலை. படத்திலோ சாலை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், நகர்ந்தவர் அத்தனை பேரும் காணாமல் போய்விட்டார்கள். கீழே ஓரமாக ஒரே ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகு போடுவதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவர். குனிந்து மெருகு போட்டவரும் மங்கலாக இருக்கிறார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்று சொல்வதுண்டு. யார் என்று இன்றுவரை தெரியாது. தான் விழுந்தது அவருக்கும் தெரிந்திருக்காது.

இருபது வருடம் கழித்து நம் பக்கம் அதே கதை. சென்னை மாகாணத்துக்காகப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858 வாக்கில் மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் என்று பெரிய பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். நம் வெயிலிலும் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டிய சரக்கு. அவருடைய படங்களை முதலில் பார்த்தபோது நான் அசந்துபோனேன். மனிதச் சந்தடி அடங்காத கோயில்கள் அவை. அந்தப் படங்களிலோ பெரும்பாலும் ஒரு குருவி இல்லை. கற்கள் மட்டும் அப்படியே மூச்சு விடுகின்றன. என் ‘ஆளில்லாதவை’ கோப்புறைக்கு அவர்தான் தாத்தா என்று நினைத்துக்கொண்டேன்.

(ட்ரைப் இன்னொன்றும் செய்தார். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வரும் என்பதால், அதன்மேல் சாயம் தொட்டு மேகங்களைத் தானே வரைந்தார். ‘எடிட் பண்ணாத படம்’ என்று பீற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.)

அவர் ஆட்களைத் துரத்தவில்லை; அவருடைய காகிதத்துக்கு வேகம் போதவில்லை. என் கேமரா நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பறக்கிற பறவையை நிறுத்தும். அதை நான் கண்ணாடி போட்டு மூடி, வேண்டுமென்றே 1858க்குக் கொண்டுபோகிறேன். எதற்கு?

இந்தக் கேள்வியோடுதான் ஹம்பிக்கு இரண்டாம் முறை போனேன். முதல் முறை போனபோது அது எனக்குச் சொர்க்கம். ஆளில்லாத கடைவீதிகள் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும் ஊர். இரண்டு பக்கமும் கல்தூண் வரிசை, நடுவில் புல், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கோபுரம். கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. அச்சுதராயர் கோயில் வீதியில் ஒரு மாலை முழுக்க என்னையும் இரண்டு கீரிகளையும் தவிர யாரும் வரவில்லை. எத்தனை நிசப்தமான ஊர் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியைப் பின்னால் படித்து வெட்கப்பட்டேன்.

ஏனென்றால் 1520 வாக்கில், கிருஷ்ணதேவராயர் காலத்தில், இதே ஊருக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருப்பது வேறு. இங்குள்ள ஜனத்தொகையைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள், அதனால் எண்ணிக்கை சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறார். ஜனமும் யானையுமாக அடைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தெருக்களில் குதிரைப்படையோ காலாட்படையோ புகுந்து வெளியே வர முடியாது என்கிறார். நான் கீரி பார்த்த வீதிகள் இருக்கும் ஊரைப் பற்றி! 1565இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் சூறையாடப்பட்டது. அதற்கப்புறம் வந்ததுதான் இந்த நிசப்தம். கட்டியவர்கள் கேட்டு வாங்கிய நிசப்தம் இல்லை. ஒரு நகரம் செத்துப்போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ‘என்ன அமைதி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை வேறு மாதிரி பார்க்கலாம் என்று தோன்றியது. யார் இல்லை என்று தேடுவது. விட்டலர் கோயில் கல் ரதத்தை எல்லோரும் படமெடுப்பார்கள். முன்னால் இரண்டு சின்ன யானைகள் இழுப்பதுபோல் நிற்கும். நானும் முதல் முறை அப்படித்தான் எடுத்தேன். இந்த முறை யானைகளின் பின்னால் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில், கல்லில், பின்னங்கால்களும் வாலும். யானையுடையவை இல்லை, குதிரையுடையவை. முதலில் ரதத்துக்கு முன்னால் இருந்தவை குதிரைகள்தான். யானைகளைப் பிற்பாடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குதிரையின் உடம்பு போய், கால் மட்டும் மிச்சம். அந்த வாலின் முடிக்கற்றையை ஒவ்வொரு கோடாகச் செதுக்கியிருப்பது, பக்கவாட்டு வெயிலில்தான் தெரிந்தது. ரதத்தின் தலையிலும் ஒரு குறை உண்டு. 1856இல் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி எடுத்த படத்தில் ரதத்தின் மேல் செங்கல் விமானம் ஒன்று எழுந்து நிற்கிறது. இன்று அது இல்லை. அவருடைய நெகட்டிவ்கள் 1980இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. பிறகு ஜான் கோலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் அதே இடங்களில் நின்று அதே கோணத்தில் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்லும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது என்று புரிகிறது. அதற்கு நம்முடைய 34 நொடி போதாது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் விருபாட்சர் கோயிலுக்குள் போனேன். கருவறைக்குப் பின்னால் ஒரு இருண்ட இடத்தில், சுவரில் உள்ள சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் உருவம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: புகையில் வரைந்தாற்போல் மங்கலாக இருக்கும், ஆனால் நிலைகளை எண்ணலாம். அங்கே இருந்த ஒருவர் வெள்ளைத் தாளை நீட்டிப் பிடித்து, அதில் உருவம் விழுவதைக் காட்டினார். தாளைத் துளைக்கு அருகே கொண்டுவந்தால் கோபுரம் சிறுத்துப் பளிச்சிடுகிறது, தள்ளிப் பிடித்தால் பெருத்து மங்குகிறது. கட்டியவர்களின் ரகசியம் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டறையும் ஒரு துளையும் வெளியே வெயிலும் இருந்தால் எங்கேயும் இது நடக்கும். தஞ்சைக் கோயில் எழுந்து முடிந்த அதே 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல் ஹைதம் இதை வைத்துத்தான் கிரகணத்தின் பிம்பத்தை ஆராய்ந்தார். கேமராவின் பெயரே இருட்டறை என்ற சொல்லிலிருந்து வந்தது. ரகசியம் இல்லை என்பதால் எனக்கு அதன்மேல் பிரியம் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

கூட்டம் வந்து, ஃபோனை நீட்டி, நகர்ந்து போனது. நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஷட்டர் இல்லாத கேமராவுக்குள் உட்கார்ந்திருப்பது வினோதமான உணர்வு. படம் விழுந்துகொண்டே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை, எதிலும் பதிவதில்லை. வெளியே மேகம் மறைத்தால் கோபுரம் அணைந்துவிடும், விலகினால் மறுபடி வரும். அரை மணி நேரத்தில் அது ஐந்தாறு முறை அணைந்து வந்தது. அங்கே நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. கொள்கை எல்லாம் கிடையாது. எடுத்தால் என்ன இருக்கிறது, ஒரு படத்தின் படம்தானே என்று சோம்பலாக இருந்தது.

படம் எடுத்தால் மறந்துபோகும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்துப் பார்த்து, முடிவுகள் 2014இல் வெளிவந்தன. அருங்காட்சியகத்தில் பொருட்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு அந்தப் பொருட்கள் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தன. கேமரா வைத்திருக்கிறவனின் நெஞ்சில் குத்துகிற சேதி. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. இதை என் அனுபவம் அப்படியே ஒப்புக்கொள்கிறது. கல் ரதம் முழுதாக எடுத்த படங்கள் எந்தப் பயணத்தில் எடுத்தவை என்று எனக்கே குழப்பம். அந்தக் குதிரை வால் எந்த நாள், எந்த மணி, அப்போது என் எந்த முழங்கால் வலித்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

தனியாகப் போவதைப் பற்றி இனிப்பாகவே எழுதிக்கொண்டு போகிறேன் போலிருக்கிறது. ராத்திரி எட்டு மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சம் போய், கோயிலும் மூடி, அறைக்கு வந்து, கேமரா பேட்டரியை மின்சாரத்தில் சொருகிய பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. அன்றைக்குப் பார்த்த குதிரை வாலைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் வாய் நமநமக்கும். ஃபோனில் சொன்னால், “சரி, சாப்டியா?” என்பார்கள். அந்த நேரத்துத் தனிமைக்கு எந்த அழகும் கிடையாது. போகிற இடத்தில் எல்லாம் கேட்கிற கேள்வி வேறு: “தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா?” முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அதில் விசாரணை பாதி, பரிவு பாதி என்று பிடிபட்டது.

இன்னொன்று. ஆளில்லாத இடமாகத் தேடித்தேடிப் போய் மலைமேல் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருப்பதை நான் இவ்வளவு சுலபமாக எழுதுவதற்குக் காரணம் நான் ஆண் என்பது. என் தோழி ஒருத்தியும் இதே மாதிரி தனியாகச் சுற்றுகிறவள், என்னைவிட நல்ல கண். அவளுடைய படங்களில் தூரத்தில் எங்காவது ஒரு குடும்பமோ ஒரு காவலரோ கட்டாயம் இருப்பார்கள். அழகுக்காக வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். “அவங்க கண்ல படற தூரத்துலதான் நான் உக்காருவேன்” என்றாள். எனக்கு இடைஞ்சல், அவளுக்குத் துணை.

போன மார்கழியில் தஞ்சாவூர் போனேன். பெரிய கோயிலில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். சுவரை மட்டும் பார்ப்பது, அதுவும் கல்வெட்டை. கல்வெட்டுக்கு நடுப்பகல் வெயில் ஆகாது. நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். வெயில் சுவரை உரசிக்கொண்டு போகிற நேரத்தில்தான் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கி, வரி எழுந்து வரும். அது எந்தச் சுவருக்கு எத்தனை மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டும். ட்ரைப்பும் இதைச் செய்தார். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து, ஒட்டிச் சேர்த்து, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே சுருளாக ஆக்கியிருக்கிறார். இன்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வருகிற பனோரமாவை, 1858இல், காகிதத்தில்.

சோழர் கால எழுத்து முழுக்க அந்நியமில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் க, ந, ப எல்லாம் முகம் காட்டும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ‘நககன’ என்று இருப்பதை ‘நக்கன்’ என்று படிக்க வேண்டும். ராஜராஜன் அந்தக் கோயிலில் ஆட 400 பெண்களைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். அவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள். திருச்சுற்றுச் சுவரில் அவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. பெயர் மட்டுமா? எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று விலாசத்தோடு. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு நூறு கலம் நெல். பெயருக்கு முன்னால் ‘நக்கன்’ என்ற அடையோடு, நக்கன் இன்னாள், நக்கன் இன்னாள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. தான் கொடுத்ததோடு மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்ன அரசன் அவன். அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, அழுதுகொண்டே வந்தார்களா என்று சுவர் சொல்லாது. வீட்டு எண் சொல்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, இரண்டாம் வீடு. அவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

கழுகுமலையிலும், வெட்டுவான் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள் உண்டு. அவற்றின் கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். குரத்தி என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் வருகின்றன. ஆனால் அந்தப் பெரிய பள்ளத்தை வெட்டி, மிருதங்கத்தின்மேல் விரலைப் படிய வைத்தவன் யாரென்று கோயில் சொல்வதில்லை. அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி என்று ஒரு கொலைக்கதையைத்தான் அவன் பெயருக்குப் பதிலாக ஊர் வைத்திருக்கிறது.

தஞ்சாவூர் வேலை முடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் கறுப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. படங்களில் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். பாதிப் படங்களை ஒரு கையோ ஒரு குழந்தையின் பலூனோ மறைத்திருக்கிறது. கல்வெட்டுக்குக் கீழே சாய்ந்து தூங்கும் ஒருவர், இரண்டு வரி ராஜராஜனைத் தலையால் மறைத்துவிட்டார். எழுப்பவில்லை. இவை எல்லாம் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். ‘ஆளில்லாதவை’யில் இருப்பவைதான் இன்றும் கண்ணுக்கு அழகு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கோப்புறையை அழிக்கவும் இல்லை.

சரி, கழுகுமலைக்கு வருகிறேன். ‘பொகையில்லா’ என்று ஆச்சி சொன்னதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணப் படம் எடுத்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. “ஆச்சி, ஒரு அரை நிமிசம் அசையாம நிக்க முடியுமா?” என்றேன்.

“அரை நாளு வேணும்னாலும் நிப்பேன்” என்று விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னால் விமானம். வெயில் அதற்குள் பள்ளத்தின் அடி வரை போய்விட்டது. பொத்தானை அழுத்தினேன். ஐந்து, பத்து. அவர் மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். இருபது. மலைமேல் எப்போதும் அடிக்கிற காற்று அப்போதும் அடித்தது. முப்பது. “ஆச்சு ஆச்சி.”

திரையில் படம் வர நேரமானது. பிறகு வந்தது. முகம் கல் மாதிரி கூர்மையாக இருந்தது. சுருக்கங்கள், மூக்குத்தி, விளக்குமாற்றின் ஒவ்வொரு குச்சியும். கண் சிமிட்டியிருப்பார், அதெல்லாம் கரைந்துபோய், இமைக்காமல் பார்க்கிற கண்ணாக விழுந்திருந்தது. ஆச்சி முன்போலவே உள்ளங்கையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் திரையில் தன் தோளைத் தொட்டார். அங்கே காற்றில் படபடத்த சேலை, வெறும் நீலப் புகை.

“நான் விழுந்துட்டேன்” என்றார். “முந்தானையக் காங்கலையே.”